எதிர் ஜன்னல்காரி

விசைத்தறிக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு எதிரே ரகசியம் பேசுகிறவன் முட்டாள். பஸ் ஸ்டாண்டில் அந்தக் கோடியில் நின்று நீங்கள் முணுமுணுத்தால் இந்தக் கோடியில் இருந்தே படித்துவிடுவார்கள். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது, அதனால் யாரும் கத்துவதில்லை. குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிராளி உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். மத்தியானக் குழம்புக்கு என்ன காய் என்பதிலிருந்து எந்த வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்பது வரை எல்லாப் பேச்சும் அப்படித்தான். பேசப் பிடிக்கவில்லையா, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அதற்கு மேல் எதிராளி என்ன செய்ய முடியும்?

ஆரணியில் அப்படி வாயசைத்தே பேசிப் பழகிய பெண்களில் புஷ்பலதாவும் ஒருத்தி. புருஷன் வேணுகோபால் ஒரு காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு, நான்கு பட்டுத் தறிகளையும் அவள்தான் ஒண்டியாளாக ஓட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குத் துரை என்று ஓர் ஆள் இருந்தான். நல்லவன், ஆனால் சொன்னால்தான் செய்வான். கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டு, சேலை எங்கே, முகூர்த்தம் வந்துவிட்டது என்று பிடுங்கி எடுத்தார்கள். தூக்கம் போயிற்று. சோறு தொண்டையில் இறங்கவில்லை. நெஞ்சு அடைக்கிறதே என்று ஈசிஜி எடுத்தால், "ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கும்மா, டென்ஷனைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிக் குறைப்பது என்று அந்த மகராசன் சொல்லவில்லை.

குறையாதது வேறொன்றும் இருந்தது, கோபம். அது மட்டும் வேளா வேளைக்கு வந்தது.

அவளுக்கு ஒரே மகள், தீபா. பிளஸ் டூ படிக்கிறாள். ஏதோ கேட்க வேண்டுமென்று அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அம்மா தறியைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்த பெண், நேரே போய் மெயினை ஆஃப் செய்துவிட்டாள். நான்கு தறியும் ஒரேயடியாக நின்றன. "இப்பவாவது கேளும்மா" என்றாள். புஷ்பலதா கேட்கவில்லை. கையை ஓங்கி அறைந்தாள். அறை இடது காதில் விழுந்தது. பெண் சுவரோடு போய் மோதிக்கொண்டாள். ஜவ்வு கிழிந்துவிட்டது, மெதுவாக ஆறும், கேட்பது முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்று காது டாக்டர் சொன்னார். தீபா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் சேத்துப்பட்டில் இருக்கும் பெரியம்மா ராஜம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"நீ மொதல்ல யாராவது கவுன்சலிங் டாக்டரைப் பாரும்மா. பாத்துட்டு என்கிட்ட வா. அன்னிக்கு நீ இன்னா பண்ணேன்னு உன் வாயால எனக்கு சொல்லு. அப்போ நான் வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் கூப்புடாதே."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புஷ்பலதா கிளம்பினாள். இல்லாவிட்டால் அவளாவது, மனசு டாக்டரைத் தேடிப் போவதாவது.

சும்மா கிடைத்துவிடுமா? ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் தெருக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நீ போய் இங்க?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணைக்கு வந்தேன் என்று புளுகிவிட்டு, சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு வந்தாள். அடுத்ததாகப் போனிலேயே ஆலோசனை சொல்லும் ஒருவரைப் பிடித்தாள். அவர் கண்ணை மூடுங்கள், அமைதியான ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவளுக்கு அமைதி என்றால் தறி நின்றுவிட்டது என்று அர்த்தம். வியர்த்துக் கொட்டிப் போனை வைத்துவிட்டாள். கடைசியில் துரைதான் சொன்னான், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஹெப்சிபா என்று ஒரு மேடம் சனிக்கிழமைதோறும் வருகிறார், குடித்துக்கொண்டிருந்த தன் மச்சானை மனுஷனாக்கி அனுப்பினார் என்று.

ஹெப்சிபா வாத்தியார் வீட்டுப் பெண். வேலூரில் படித்தவள். சின்ன வயசுதான், ஆனால் அவசரப்படாதவள். ஒரு கேள்வி கேட்பாள், பிறகு சும்மா இருப்பாள். அந்தச் சும்மாதான் புஷ்பலதாவுக்கு ஆகவில்லை. பதில் வரும்வரைக்கும் அறையில் மின்விசிறி மட்டும் சுற்றும். "நல்லா இருக்கேன் மேடம், வேலை கொஞ்சம் ஜாஸ்தி" என்று நாலு வார்த்தையைப் போட்டுவிட்டு எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்ப்பாள்.

ஆனால் வெளியே காத்திருக்கும் இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். திரும்பி உட்கார்ந்தால், குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மாடி ஜன்னல். முதல் சனிக்கிழமையே பார்த்தாள், எதிர் ஜன்னலில் ஒருத்தி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய அவள் வயசுதான் இருக்கும். கண்ணாடியில் தூசு படிந்திருந்ததால் புடவை என்ன நிறமென்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்து வாயசைத்தாள்.

"புதுசா?"

"ஆமாங்க."

"பேஜாரா இருக்கா?"

புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் ஒருத்தர் உருப்படியாகக் கேட்டார்களே. "ரொம்ப" என்றாள்.

"உள்ள இருக்கற மேடம் சும்மா உக்காந்துகினு இருப்பாங்க. நீ என்கிட்ட சொல்லு."

தறிக்காரிக்கும் தறிக்காரிக்கும் பழக என்ன வேண்டும்? அன்றைக்கே கடைக்காரர்களைத் திட்டித் தீர்த்தாள். அடுத்த வாரம் வேணுகோபால் போன காலையைச் சொன்னாள். காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது, ஆட்டோ வர நேரமானது, எல்லாம். எதிர்க்கே இருந்தவள் தலையாட்டிக்கொண்டே சுற்றினாள். "அப்புறம்?" என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. அந்த அப்புறத்தில் அப்படியொரு சுகம். ராட்டையில் நூல் பருத்துக்கொண்டே போனது. அந்த நூல் எங்கிருந்து வருகிறது என்று புஷ்பலதா பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவும் இல்லை.

வீட்டுக்கு வந்தாள், அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். மறுநாள் பசித்துச் சாப்பிட்டாள். பரவாயில்லையே இந்தக் கவுன்சலிங் என்று அவளுக்கே ஆச்சரியம்.

ஒருநாள் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே துரை சொன்னான். "அண்ணன் போன அன்னிக்கு நீங்க கால்ல செருப்புகூட இல்லாம ஆட்டோ பின்னாடி ஓடினீங்களே, இன்னும் கண்ணுல நிக்குதுக்கா."

புஷ்பலதா அதைத் தேடிப் பார்த்தாள். புருஷன் செத்துப்போனார் என்பது தெரிந்தது. எப்படி என்பது தெரியவில்லை. அந்தக் காலைப்பொழுது இருந்த இடத்தில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் நெஞ்சடைப்பு இல்லையே. அதைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் போதாதா, போனால் போகட்டும் சனியன் என்று விட்டுவிட்டாள். அப்பாடா என்றுகூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எதிர் ஜன்னல்காரி அவள் உட்காரும் முன்பே கேட்டாள்.

"பொண்ணு எங்க?"

ஹெப்சிபாவிடம் தீபா பேச்சையே அவள் எடுத்ததில்லை. எடுத்தால் தான் அழுதுவிடுவோம் என்று பயம். இங்கே குரல் தேவையில்லை, அழுகை வந்தாலும் யாருக்குக் கேட்கப்போகிறது? சொன்னாள். மெயின் ஆஃப் ஆனது, தறி நின்றது, கை போனது, பெண் சுவரில் மோதியது, அவள் அழாமல் பார்த்தது. அந்தப் பார்வையைச் சொல்லும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று இருந்தது. எதிரே இருந்தவள் ராட்டையை நிறுத்தாமல், "அப்புறம்?" என்றாள். மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவள் தூங்கிய தூக்கத்தில் கனவுகூட இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளித்து, பூ வைத்து, ஒரு பொட்டலம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு சேத்துப்பட்டு பஸ் ஏறினாள். மகளைப் பார்க்கப் போகிறோம் என்று மனசு லேசாக இருந்தது. தீபா வாசலிலேயே நின்றாள். அம்மாவின் முகத்தில் அத்தனை தெளிவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்டா. நல்லா தூங்கறேன் தெரியுமா?"

"சரி. சொல்லு."

"இன்னா சொல்லணும்?"

"அன்னிக்கு இன்னா பண்ணே?"

"என்னிக்கு?" என்றாள் புஷ்பலதா. "அது கெடக்குது, நீ இன்னா பெரிம்மா வீட்டுலயே டேரா போட்டுட்டே? பரீட்சை வரலியா? கெளம்பு, ஜல்தி."

உள்ளேயிருந்து வந்த ராஜம்மாள்தான் வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "அடிப்பாவி, புள்ளய காது கிழியற மாதிரி அறைஞ்சுட்டு, இன்னா நடந்துச்சுன்னே தெரியாத மாதிரி பேசறியேடி."

"நானா? தீபாவையா?" என்று கேட்டாள் புஷ்பலதா. கேட்டுவிட்டு, கொடுமையிலும் கொடுமை, சிரித்துவிட்டாள். பொய்ச் சிரிப்பில்லை. அவளைப் பொறுத்தவரை அது அக்கா கட்டிவிட்ட கதை. பெண்ணைத் தன் பக்கம் வளைத்துக்கொள்ள அக்காள் என்னவெல்லாம் சொல்கிறாள் பார் என்று ஆத்திரம்கூட வந்தது.

தீபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தறிக்கூடத்துப் பெண், அவளுக்குத் தெரிந்த முடிவு அதுதான். கதவு சாத்திக்கொண்டது. மைசூர்பாகுப் பொட்டலம் புஷ்பலதாவின் கையிலேயே இருந்தது.

பஸ்ஸில் வரும்போது அவள் அதையே புரட்டிப் பார்த்தாள். அக்காள் பொய் சொல்லலாம். தீபா பொய்யாக முகத்தைத் திருப்ப மாட்டாள். அப்படியென்றால் அந்த நாள் எங்கே? தேடினாள். அங்கேயும் வழவழவென்று இருந்தது, வேணுகோபால் போன காலைப்பொழுது இருந்த இடத்தைப் போலவே.

சனிக்கிழமை ஹெப்சிபாவின் முன்னால் அவள் உட்காரக்கூட இல்லை.

"இன்னா மேடம் பண்ணீங்க எனக்கு? நடந்ததெல்லாம் மறந்துபோவுது. என் பொண்ணு என்னை வாசப்படி ஏறவிடல."

ஹெப்சிபா பதறவில்லை. "என்ன மறந்தீங்கன்னு எனக்குத் தெரியலங்க. நீங்க உங்க பொண்ணைப் பத்தி என்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே."

"உங்ககிட்ட சொல்லல. எதுக்க ஜன்னல்ல நூல் சுத்தறாங்களே அந்த அக்கா, அவங்ககிட்டதான் சொன்னேன்."

ஹெப்சிபா எழுந்து வந்து காத்திருக்கும் இடத்து ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்த வீடு பூட்டிக் கெடக்குதுங்க. நான் இந்த ரூம் எடுக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்தே." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க அந்தப் பக்கம் பாத்து வாயசைச்சுகினே இருப்பீங்க. ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சேன். அதான் தொந்தரவு பண்ணல."

அப்போதுதான் புஷ்பலதாவுக்கு உறைத்தது. ஜன்னல் இரண்டும் மூடியே இருந்தன. அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும்? கீச்சென்றா, கட்டையாகவா? தெரியாது. குரல் என்று ஒன்றை அவள் கேட்டதே இல்லை. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே பயந்து ஓடியிருப்பார்கள். சத்தமில்லாமல் பேசுவதே பேச்சாகிப்போனவளுக்கு அதில் என்ன தப்புத் தெரியும்?

நிமிர்ந்து பார்த்தாள். எதிர் ஜன்னலில் அவள் இருந்தாள். ஜன்னல் கட்டை முழுக்க, சுற்றிய நூல்கண்டுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் நின்ற ஹெப்சிபாவின் கண் அந்த ஜன்னலைத் தாண்டிச் சும்மா போய்வந்தது.

"குடுத்துடு" என்று வாயசைத்தாள் புஷ்பலதா.

"நானா கேட்டு வாங்கினேன்? நீயாத்தானே கொட்டினே."

"அது இல்லாம என் பொண்ணு வரமாட்டா."

எதிரே இருந்தவள் ராட்டையை நிறுத்தினாள். "பொண்ணைக் கூட்டிகினு வா" என்றாள். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தலைமுடியைப் பார்த்துப் புஷ்பலதா எவ்வளவோ கெஞ்சினாள். திரும்பிய முகத்தோடு யார் பேச முடியும்?

ஹெப்சிபா அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "நீங்க சம்மதிச்சா நானே உங்க பொண்ணுகிட்ட பேசறேன். ரெண்டு பேரும் சேந்து இங்க வாங்க" என்றாள். பேசினாள். என்ன பேசினாளோ, அடுத்த சனிக்கிழமை தீபா வருவதாக ஒப்புக்கொண்டாள்.

வந்தாள். அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். ஜன்னலை ஒட்டி நிற்க வேண்டாம், பெஞ்சிலேயே இரு என்று புஷ்பலதா சொன்னாள். சொன்னால் அந்த வயசில் கேட்பார்களா? ஹெப்சிபா புஷ்பலதாவை முதலில் தனியாக உள்ளே கூப்பிட்டு, இன்றைக்கு என்ன பேசப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புஷ்பலதாவுக்குக் காது அங்கே இல்லை. பாதியிலேயே எழுந்து கதவைத் திறந்தாள்.

தீபா ஜன்னலோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அந்த முகத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"...தெனம் அதுவே வருது. கண்ண மூடினா வருது. எனக்கு வேணாம், நீங்க எடுத்துக்குங்க. எங்கம்மா மூணாவது தறிகிட்ட நின்னுகினு இருந்தாங்க. நான் கூப்ட்டு கூப்ட்டு பாத்தேன்..."

எதிர் ஜன்னலில் ராட்டை சுற்றும் வேகத்தில் ஆரக்கால் தெரியவில்லை. "அப்புறம்?" என்றது அந்த வாய்.

புஷ்பலதாவுக்கு உடனே புரிந்தது. மகளும் கொட்டிவிட்டால் அந்த நாள் இந்த உலகத்தில் யாரிடமும் இருக்காது. சண்டை இல்லை, வழக்கு இல்லை, பெண் இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வந்துவிடட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றியது. ஆனால் அந்த வாய் இதோடு விடுமா? அடுத்து என்ன கேட்கும்? அம்மா யாரு என்று கேட்டால் இவள் அதையும் சொல்லிவிடுவாளே.

"தீபா" என்று கூப்பிட்டாள். தீபா திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். பெண்ணின் இடது பக்கம்தான் அவளைப் பார்த்து இருந்தது. அந்தப் பக்கத்தில் எதுவும் விழவில்லை.

முகத்தைத் திருப்பிவிட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும். இரண்டு எட்டில் ஓடிப்போய் மகளின் கன்னத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அந்தக் கை கண்ணோரத்தில் தெரிந்ததும் தீபா சுருண்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறின. முழங்கை இடது காதை மூடியது. கண் இறுக மூடிக்கொண்டது. சுவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே உடம்பு சுவரோரம் ஒதுங்கியது.

புஷ்பலதாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அக்காள் சொன்னபோது நம்பவில்லை. காது டாக்டர் சீட்டைக் காட்டியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். இந்தத் தோளை நம்பாமல் என்ன செய்வது? கை வரும் முன்பே இந்தப் பெண்ணுக்குக் கை வருவது தெரிகிறது. எங்கே விழும் என்றும் தெரிகிறது. அதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கையைத் திருப்பிப் பார்த்தாள். சேலை மடித்து மடித்துக் காய்த்துப்போன, அவளுடைய சொந்தக் கைதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கைதானே?" என்றாள். குரல் அவளுக்கே புதுசாகக் கேட்டது. "எனக்கு அந்த நாளு ஞாபகம் இல்லடா. எங்கியோ தொலைச்சுட்டேன். ஆனா நான்தான் அடிச்சேன். நீ இன்னாவோ சொல்ல வந்தே, நான் கேக்கல. உன் காதுல அறைஞ்சேன். நான்தான்."

தீபா ஒரு கண்ணைத் திறந்தாள். அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். முழங்கை மெதுவாக இறங்கியது. அதுவரை அழாத பெண், அழுதுகொண்டே கீழே உட்கார்ந்து, வலது காதை அம்மாவின் வாய்ப் பக்கம் கொண்டுவந்தாள்.

"உதட்டுல படிச்சுட்டேன்" என்றாள். "சத்தமா சொல்லு. எனக்கு கேக்கணும்."

புஷ்பலதா சொன்னாள். அழுதுகொண்டே, மூக்கு ஒழுக, சந்துக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். கதவருகே ஹெப்சிபா ஒன்றும் பேசாமல் நின்றாள். அந்தச் சும்மா இருப்பது இப்போது புஷ்பலதாவுக்கு உறுத்தவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஹெப்சிபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தாயும் மகளும் எழுந்து பெஞ்சில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். "அன்னிக்கு நீ என்ன கேக்க வந்தே?" என்று ஹெப்சிபா தீபாவிடம் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை இருவர் தலைக்கும் மேலாக ஜன்னலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"இன்னா மேடம்?" என்றாள் புஷ்பலதா.

"ஒண்ணுமில்லங்க. எதுக்க யாரோ கண்ணாடியத் தொடைக்கற மாதிரி இருக்குது."

தீபாவின் கழுத்து லேசாக அந்தப் பக்கம் அசைந்தது. புஷ்பலதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பாதே" என்றாள். "நீ சொல்லு, நான் கேக்கறேன்."

தீபா திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.